பாரிஸ்வாதம்

ஜனவரி 14, ஞாயிறு

கனடாவின் மொன்றியால் விமான நிலையத்தில் என் சூட்கேசைத் திறந்த அதிகாரி, ஐந்து கிலோ மிளகாய்த்தூளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏதோ கேட்டார். விளங்கவில்லை. பிரான்சில் இருபத்தெட்டு வருசம் இருந்தவள் நான். பாரிஸ் ஓரத்து லா கூர்னேவில் உள்ள தமிழ்ச்சனத்தில் பாதி என் வாயால்தான் அரசாங்கத்தோடு பேசியிருக்கிறது. பள்ளிக்கூடச் சமையலறையில் கோப்பை கழுவுகிறவள் என்றாலும், தவமலர் கடிதம் எழுதினால் நீதவான் எழுதியது மாதிரி இருக்கும் என்று பெயர் எடுத்தவள். அப்பேர்ப்பட்டவள் மூன்று தரம் "பார்தோன்?" என்று கேட்டேன். நாலாம் தரம் அவர் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். அதுவரை அவர் பேசியதும் பிரெஞ்சுதானாம்.

வெளியே சுகிர்தா மச்சாள் நின்றாள். என் தம்பி தயாபரனின் மனைவி. அவர்களுக்குக் கலியாணமாகி ஒன்பது வருசம். நான் அவளை நேரில் காண்பது இதுதான் முதல் தரம். ஏன் என்று பிறகு எழுதுகிறேன். எழுதாமலும் விடலாம். எனக்கென்று ஒரு தடித்த குளிர்ச்சட்டை கொண்டுவந்திருந்தாள். போட்டுப் பார்த்தேன். பொத்தான் வயிற்றுக்கு இந்தப் பக்கமும் ஓட்டை அந்தப் பக்கமும் நின்று ஒன்றையொன்று பார்த்தன.

தயாவுக்குப் பாரிசவாதம் வந்து பதினெட்டு நாள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அதோடு இன்னொன்றும் போய்விட்டது. அதைத்தான் அவள் தொலைபேசியில் சொன்னாள்: "மச்சாள், இவருக்குத் தமிழ் போயிட்டுது. பிரெஞ்சு மட்டும்தான் கதைக்கிறார். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நீங்கள் வந்து சொல்லுவியளோ?"

அதனால் வந்தேன். தம்பிக்குப் பாரிசவாதம், உனக்குப் பாரிஸ்வாதம், ரெண்டும் ஒரே அறையில் இருக்கட்டும் என்று சொல்லி என் மனிசன் விமானம் ஏற்றிவிட்டார்.

ஜனவரி 16, செவ்வாய்

ஆஸ்பத்திரி, ஆறாம் மாடி, யன்னலோரக் கட்டில். தயாவைக் கடைசியாகக் கண்டு பன்னிரண்டு வருசம். வாய் ஒரு பக்கம் இழுபட்டிருக்கிறது. தாடி நரைத்துவிட்டது. "தம்பி" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"பொன்ஜூர், மதாம்" என்றான்.

நாலு வயது வரைக்கும் இவனை இடுப்பில் தூக்கித் திரிந்ததில்தான் என் இடுப்பு ஒரு பக்கம் சரிந்தது. அந்த இடுப்புக்கு இன்று மதாம் பட்டம். பரவாயில்லை. பிரெஞ்சில் அக்கா என்று கூப்பிட ஒரு சொல் கிடையாது. "மூத்த சகோதரி" என்று சத்தியக்கடதாசியில் எழுதலாம், கூப்பிட ஏலாது. மொழியில் இல்லாததை அவன் எங்கே போய் எடுப்பான்?

அவன் கையிலிருந்த தோடம்பழச்சாறு கவிழ்ந்தது. உடனே உரத்த குரலில் "தபர்னாக். காலிஸ். ஓஸ்தி" என்றான். சுகிர்தா என்னைப் பார்த்தாள். எனக்கா தெரியாது? தபர்னாக் என்பது தேவாலயப் பீடத்தில் இருக்கும் பேழை, காலிஸ் என்பது பூசைக் கிண்ணம், ஓஸ்தி என்பது நற்கருணை அப்பம். கோயில் சாமான் கேட்கிறார் என்றேன். அவர் சைவம்தானே என்று அவள் தயங்கினாள். வருத்தத்தில் மனம் மாறும் என்று ஞானியைப் போலச் சொல்லிவைத்தேன்.

ஜனவரி 17, புதன்

மலையிலுள்ள பெரிய தேவாலயத்துக்குப் போய் இருவரும் மெழுகுவர்த்தி ஏற்றினோம். குளிர் கழித்தல் பதினெட்டு. என் முழங்கால் இரண்டும் வேறு சமயத்துக்கு மாறிவிட்டன.

ஜனவரி 19, வெள்ளி

தயாவைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றும் பராமரிப்பாளர் பெயர் ரோஸாந்த்ரே. ஹெயிட்டிக்காரி, நாற்பத்தைந்து வயது இருக்கும். கோயிலுக்குப் போன கதையை அவளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த ஊரில் அவை தூசணமாம். பாதிரிமாரின் கைக்குள் நெடுங்காலம் இருந்த சனம். கோபம் வந்தால் கோயிலுக்குள் உள்ள சாமான்களை ஒவ்வொன்றாக வாயால் வெளியே எறிவார்களாம். சுத்தியல் விரலில் பட்டால் கிண்ணம், பஸ் போய்விட்டால் பேழை.

தயா இங்கே வந்தது பத்தொன்பது வயதில். ஒரு சின்னப் பட்டணத்துக் கோழித் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருசம், தமிழர் ஒருவரும் இல்லாமல், உள்ளூர் ஆட்களோடு நின்று கோழி வெட்டியவன். பிரெஞ்சை அவன் புத்தகத்தில் படிக்கவில்லை. கத்தியோடு சேர்த்துப் படித்தான்.

சுகிர்தாவிடம் வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். சிரித்தாள். "நல்லது மச்சாள். கோவம் வருதெண்டா ஆள் உள்ளுக்கை இருக்கிறார்" என்றாள்.

ஜனவரி 22, திங்கள்

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஜெனவியேவ் வந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். எடுத்த எடுப்பில் என்னை "தூ" என்றாள். பாரிஸில் ஒரு சின்னப் பெண் என்னை அப்படி நீ போட்டுப் பேசியிருந்தால் முறைப்பாட்டுக் கடிதம் எழுதியிருப்பேன். யாழ்ப்பாணத்தாருக்கு நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி. பாரிஸ்காரருக்கு தூ, வூ என்று இரண்டு படி. இங்கே அநேகமாக ஒரே படிதான். எல்லாரும் அதில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தத் தூவையும் த்ஸூ என்று பல்லுக்குள்ளால் விடுகிறார்கள்.

போதாததற்குக் கேள்வி கேட்கும்போது வாலில் இன்னொரு த்ஸூ. "நீ விளங்குகிறாய் நீ?" என்பது மாதிரி. பிள்ளைக்குத் திக்குவாய், அதுவும் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பிள்ளைக்கு, என்று பாவப்பட்டேன். அரை மணித்தியாலம் கழித்துத்தான் பிடிபட்டது. அந்த இரண்டாவது த்ஸூ நீ இல்லை. அது எங்களுடைய "ஆ". வாறான் என்பதோடு ஆ சேர்த்தால் வாறானா, அவ்வளவுதான். பாரிஸில் கேள்வி கேட்பதற்கு ஆளையும் வினையையும் தூக்கி இடம் மாற்றி வைத்து இருபத்தெட்டு வருசம் நாரி முறிந்தேன். இவர்கள் எங்களைப் போல வாலில் ஒன்றை ஒட்டிவிட்டுப் போகிறார்கள்.

படம் காட்டினாள். கதிரை: "லா ஷேஸ்" என்றான். கட்டில்: "ல லி". பிரெஞ்சில் கதிரை பெண், கட்டில் ஆண், திறப்பு பெண், புத்தகம் ஆண். ஏன் என்று கேட்கக்கூடாது. சாதகம் பார்த்து வைத்தது மாதிரி பாடமாக்க வேண்டும். எனக்கே இன்னும் தடுமாறும். அவன் ஒன்றையும் பிழைவிடவில்லை.

கடைசியாக சுகிர்தாவின் படத்தைக் காட்டினாள். வாயைத் திறந்தான். உதடு அசைந்தது. பெயர் வரவில்லை. இன்னும் ஒருமுறை முயன்றான். கதிரை ஆணா பெண்ணா என்று தெரிகிறது. மனைவியின் பெயர் வரவில்லை. கண் நிறைந்துவிட்டது. சுகிர்தா படத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவனுடைய நகத்தை வெட்டத் தொடங்கினாள்.

இரண்டு மூன்று மொழி தெரிந்தவருக்கு இப்படி வந்தால் எந்த மொழி முதலில் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். தமிழ் பிறகு வரலாம், வராமலும் விடலாம் என்றாள் ஜெனவியேவ்.

ஜனவரி 25, வியாழன்

இன்று ஒன்றைக் கவனித்தேன். கவனித்தேன், அவ்வளவுதான். என்னோடு பேசினால் தயா "வூ" என்கிறான், நீங்கள். அவளோடு பேசினால் "துவே". பாரிஸில் துவா என்கிறதை இங்கே தொழிற்சாலை ஆட்கள் துவே என்பார்கள். சோற்றுக்கோப்பையைப் பகிர்ந்து சாப்பிடுகிறவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுகிற மாதிரி ஒரு நீ.

ரோஸாந்த்ரேயிடம் சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன். நான் பேசுகிற பிரெஞ்சைக் கேட்டால் தனக்கே கடவுச்சீட்டை எடுத்து நீட்ட வேண்டும் போல இருக்கிறது, பாவம் அவர் மதாம் என்னாமல் வேறு என்ன செய்வார் என்றாள். நானும் சிரித்தேன். நல்ல பகிடி.

எழுதுகிறேன் என்றேன் அல்லவா. தயாவுக்குப் பாரிஸில் ஒரு பெண் பார்த்திருந்தேன், வங்கியில் வேலை, பிரெஞ்சுக் குடியுரிமை, அழகான கையெழுத்து. சரி என்பான் என்று இருந்தபோது, வன்னியில் கணவனை இழந்த ஒருத்தியைக் கட்டப் போகிறேன் என்று கடிதம் போட்டான். தொலைபேசியில் சில சொற்கள் சொன்னேன். எழுதி வைக்கிற அளவுக்குப் பெரிய சொற்கள் இல்லை. ஒரு வருசத்தில் உனக்கு அலுத்துப் போகும் என்றது ஞாபகம். மற்றவை ஞாபகமில்லை. அவனும் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

ஜனவரி 29, திங்கள்

சுகிர்தா ஒரு கேக் தொழிற்சாலையில் பெட்டி அடைக்கிறாள். வேலைக்கு நிற்பவர்கள் எல்லாம் தமிழரும் வங்காளிகளும். பிரெஞ்சு அவளுக்கு பொன்ஜூரோடு நின்றுவிட்டது. காலை ஆறு மணிக்கு வேலை, மூன்றரைக்கு ஆஸ்பத்திரி. வந்து தாடி வழித்து, சூப் பருக்கி, விழுந்த கையை எண்ணெய் போட்டு நீவிவிட்டு ஏழு மணிக்குப் போவாள்.

இன்று அவள் குளிர்ச்சட்டையைப் போடும்போது தயா இடது கையால் சட்டைக் கையைப் பிடித்தான். "மான்னுயி த துவே" என்றான். விடவில்லை. மூன்று தரம் சொன்னான்.

"என்ன மச்சாள் சொல்லுறார்?"

எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் சொல்கிற சொல்தான். மான்னுயி என்றால் அலுக்கிறது, சலிக்கிறது. த துவே என்றால் உன்னில். இலக்கணப்படி இடறுகிற இடமே இல்லை. மொழிபெயர்க்கிறவருக்கு ஒரு தர்மம் உண்டு, உள்ளதை உள்ளபடி சொல்வது.

"உம்மில அலுத்துப் போச்சுதாம்" என்றேன்.

அவள் சட்டைக் கையிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள், நோகாமல். பிறகு பொத்தான்களை மேலிருந்து கீழே பூட்டினாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். குளிர்நாட்டில் பசி கூட.

ஜனவரி 30, செவ்வாய்

வந்தாள். வழித்தாள். நீவினாள். ஆறு மணிக்கே புறப்பட்டுவிட்டாள்.

ஜனவரி 31, புதன்

வரவில்லை. பின்னேர வேலையும் சேர்த்து எடுத்துக்கொண்டாளாம். சூப்பை நான் பருக்கினேன். பாதி அவன் வாயில், பாதி என் மடியில். ஒவ்வொரு தரம் கதவு அசையும்போதும் "அ வியாந்த்ஸூ?" என்கிறான். வாறாளா என்று அர்த்தம். வருவார் என்று நல்ல பிரெஞ்சில் பதில் சொன்னேன்.

பெப்ரவரி 2, வெள்ளி

ஆஸ்பத்திரியின் சமூகசேவைப் பெண்மணி கூப்பிட்டிருந்தார். தயாவை இனி இங்கே வைத்திருக்க முடியாது. வீட்டுக்குக் கொண்டுபோகலாம், உதவிக்கு ஆள் வரும், ஆனால் பாரம் முழுக்க மனைவியின் தோளில். இல்லையென்றால் நீண்டகாலப் பராமரிப்பு நிலையம். இடம் இருப்பது நகரத்துக்கு வெளியே, போக இரண்டு பஸ் எடுக்க வேண்டும். பதின்மூன்றாம் திகதி கூட்டம், அன்றைக்கு முடிவு சொல்ல வேண்டும்.

நான் வந்திறங்கிய வாரம் சுகிர்தா தையல் நாடாவால் கதவெல்லாம் அளந்துகொண்டு திரிந்தாள், சக்கரநாற்காலி போகுமா என்று. இருப்பது இரண்டாம் மாடி என்பதால், வீட்டுக்காரரோடு கதைத்துக் கீழ்மாடி வீட்டைக் கேட்டுச் சம்மதமும் வாங்கியிருந்தாள். இன்று அவரைக் கூப்பிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"அவருக்கு நான் வேண்டாமெண்டா, வீட்டுக்கை கொண்டுவந்து வைச்சு என்னத்தைச் செய்யிறது, மச்சாள்."

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது.

பெப்ரவரி 6, செவ்வாய்

மத்தியானம் ரோஸாந்த்ரே யன்னலோரம் நின்று கைத்தொலைபேசியில் ஒரு பெண்பிள்ளையின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மகளாம், பதினாறு வயது, ஹெயிட்டியில், போர்த்தோப்பிரான்சில் சித்தியோடு இருக்கிறாள். கண்டு ஆறு வருசமாம். சொல்லிவிட்டு மூச்சு விட்டாள்: "மான்னுயி த மா ஃபீய்."

ஃபீய் என்றால் மகள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெற்ற பிள்ளையில் அலுப்பு வருமா, அதுவும் காணாமலே அலுக்குமா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அலுப்பா? யார் சொன்னது அலுப்பு என்று? இந்த ஊருக்கு வந்து படித்த சொல் இது என்றாள். ஆளைக் காணாமல் நெஞ்சு தவிக்கிறது, அவள் இல்லாமல் ஏலாது, அதுதான். பிரான்சிலும் பழைய ஆட்கள் அப்படிச் சொன்னதுண்டாம். அங்கே தேய்ந்துபோனது இங்கே கப்பலில் வந்து இருந்துவிட்டது. நாங்கள் பாரிஸில் இதற்கு "தூ ம மான்க்" என்போம், நீ எனக்குக் குறைகிறாய் என்று.

ஒருமுறை லா கூர்னேவில், சென்னையிலிருந்து வந்த ஒரு பிள்ளையை விருந்துக்கு அழைத்து, "ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்றேன். அந்தப் பிள்ளை கையைக் கழுவிக்கொண்டு வந்து, யாராவது தவறிவிட்டார்களா அக்கா என்று மெதுவாகக் கேட்டது. எங்களுக்கு ஆறுதல் என்றால் அவசரப்படாமல். அவர்களுக்கு ஆறுதல் என்றால் துக்கத்துக்குச் சொல்வது. ஒரே சொல், ஒரே தமிழ். அந்தக் கதையைப் பத்து வருசமாக எல்லா வீட்டிலும் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

மான்னுயி த துவே. மூன்று தரம் சொன்னான்.

இன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

பெப்ரவரி 7, புதன்

தலையணை உறை எல்லாவற்றையும் தோய்த்தேன். திரைச்சீலையையும். சுகிர்தா களைத்து வந்தாள். களைத்து வந்தவளிடம் எப்படிச் சொல்வது.

பெப்ரவரி 8, வியாழன்

பனி. பஸ் ஓடவில்லை. அவளுக்குத் தலையிடி.

பெப்ரவரி 9, வெள்ளி

சப்பாத்து வாங்கினேன், பனிக்குப் போடுகிறது. சுறா வறை வைத்தேன். நன்றாக வந்தது. அவள் சாப்பிடவில்லை.

பெப்ரவரி 10, சனி

இன்று சுற்றிவளைத்து முயன்றேன். வருத்தக்காரன் சொல்கிற எல்லாவற்றையும் காதில் போட்டுக்கொள்ளலாமா, வீட்டுக்குக் கூட்டிவந்து பாருமன் என்றேன். பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவள் துவாயை மடித்து வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். ஒன்பது வருசத்தில் அவள் என்னோடு இவ்வளவு பேசியது இதுதான். நான் கேட்டும் இருக்கவில்லை.

முதல் கணவரின் பெயர் அற்புதராசாவாம். போரின் கடைசி நாட்களில் பங்கருக்குள் இருந்து எழும்பி வெளியே போனாராம். தண்ணீர் எடுக்கவா, தப்பி ஓடவா, இவளை விட்டுப் போகவா, ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் ஆளும் இல்லை, சேதியும் இல்லை. ஐந்து வருசம் முகாம் முகாமாக, அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தாளாம்.

"அவர் ஒண்டும் சொல்லாமப் போனவர், மச்சாள். என்ன நினைச்சுக்கொண்டு போனாரெண்டு நான் இப்பவும் யோசிக்கிறனான். இவர் வாய் திறந்து சொல்லிப்போட்டார். எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னார் எண்டு நீங்களும் பார்த்தனீங்கள்தானே. சொன்னதுக்கு ஒரு மரியாதை குடுக்கவேணும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டேன்.

பெப்ரவரி 11, ஞாயிறு

தேத்தண்ணிதான் கேட்டேன். இதை இங்கே எழுதி வைப்பது நல்லது.

பெப்ரவரி 12, திங்கள்

தயா சாப்பிடவில்லை. சூப்பைக் கண்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்புகிறான். கதவைப் பார்த்துக் கேட்பதையும் விட்டுவிட்டான். ரோஸாந்த்ரே என்னைத் தனியே கூப்பிட்டு, மனைவி ஏன் வருவதில்லை என்று கேட்டாள். வேலை கூட என்றேன். ஹெயிட்டிக்காரி பொய்யை மோப்பம் பிடிக்கிறவள். அவனுக்குப் போர்வையை இழுத்து மூடிவிட்டாள்.

நாளைக்குக் கூட்டம். அங்கே சொந்தக்காரர் மொழிபெயர்க்கக் கூடாதாம், ஆஸ்பத்திரியே தொலைபேசியில் ஒரு தமிழ் ஆளைப் பிடித்துத் தருமாம். முறையான ஏற்பாடுதான்.

பெப்ரவரி 13, செவ்வாய்

காலை எட்டரை, பஸ் தரிப்பிடம். கண்ணாடித் தடுப்புக்குள் நாங்கள் இருவர் மட்டும். அவள் கையில் கடதாசி உறை. பராமரிப்பு நிலையத்துக்கான படிவம், பெயர் விலாசம் எல்லாம் நிரப்பியிருந்தாள். கையெழுத்து மட்டும் பாக்கி.

சொன்னேன். எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. பாரிஸில் ஒன்று இங்கே ஒன்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள், கப்பல், ரோஸாந்த்ரேயின் மகள் என்று ஓர் அரசாங்கக் கடிதம் அளவுக்கு முன்னுரை போட்டேன். கடைசியில் சொன்னேன்: "அவன் சொன்னது அலுப்பெண்டு இல்லை. உம்மைக் காணாம ஏலாமக் கிடக்கு எண்டுதான் சொன்னவன்."

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. கதவு திறந்து, மூடி, போய்விட்டது.

"மச்சாள், உங்களுக்குப் பிழையா விளங்கினதோ, இல்லாட்டி பிழையாச் சொன்னீங்களோ?"

பிழையாகத்தான் விளங்கியது என்றேன். அது உண்மை. ஆனால் அந்தப் பிழை விளங்கியபோது எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கோயில் சாமான் விசயத்தில் மூக்குடைபட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. யாரையாவது கேட்டிருக்கலாம். ரோஸாந்த்ரே அடுத்த அறையில்தான் நின்றாள். கேட்கத் தோன்றவில்லை. ஒன்பது வருசமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்த வசனத்தை யாரும் அகராதியில் போய்ப் பார்ப்பதில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது.

"சரியா விளங்கி எத்தினை நாள்?"

"ஏழு நாள்."

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். "முதல் எட்டு நாள் உங்கட பிரெஞ்சு செய்தது. இந்த ஏழு நாளும் அவர் கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்தது ஆர் செய்தது?"

நான் பஸ் அட்டவணையை மேலிருந்து கீழே வாசித்தேன்.

அடுத்த பஸ்ஸில் போனோம். கூட்ட அறை வாசலில் அவள் என்னை வெளியே இருக்கச் சொன்னாள். அரை மணித்தியாலம் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வெளியே வந்தவள் படிவத்தைக் குறுக்கே கிழித்துத் தொட்டிக்குள் போட்டாள். இருபத்தாறாம் திகதி வீட்டுக்கு என்றாள். கீழ்மாடி வீட்டுக்கு வீட்டுக்காரர் வேறு ஆள் பிடித்துவிட்டாராம். இரண்டாம் மாடிதான். படிக்கட்டில் நாலுபேர் தூக்கித்தான் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். அவன் வெளியே காற்றுப் பிடிக்கப் போவது இனி மாதத்துக்கு ஒருமுறையோ என்னவோ. அதுவும் என் கணக்கில்.

"நீங்கள் போகவேண்டாம் மச்சாள். டிக்கெட் முடியுமட்டும் நில்லுங்கோ, எனக்குக் கைக்கு ஆள் வேணும். ஆனா இனிமேல் அவர் சொல்லுறதை எனக்குச் சொல்லவேண்டாம். நான் சொல்லுறதை அவருக்கும் சொல்லவேண்டாம்."

பெப்ரவரி 16, வெள்ளி

மூன்றரைக்கு நான் போனபோது கதவு அரைவாசி திறந்திருந்தது. உள்ளே ரோஸாந்த்ரே கட்டிலுக்கு அந்தப் பக்கம், சுகிர்தா இந்தப் பக்கம். அவள் ஒரு வசனம் சொல்லிக்கொடுக்க, இவள் திருப்பிச் சொல்கிறாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. கையைக் காட்டி, நெஞ்சைத் தொட்டு, எப்படியோ நடக்கிறது. நானும் உன்னைக் காணாமல் இருந்தேன் என்கிற வசனம். ஹெயிட்டி உச்சரிப்பில் வன்னிக்காரி ஒருத்தி, தொழிற்சாலைக் கெபெக் பிரெஞ்சு பேசுகிறாள். ஒலி மூன்று பிழை, இலக்கணம் ஒரு பிழை. திருத்தம் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

தயா சிரித்தான். இழுபடாத பக்கத்தால் மட்டும். பிறகு சூப்பைக் காட்டினான்.

நான் நடைபாதையிலேயே இருந்தேன். அங்கே ஒரு கதிரை இருந்தது.

பெப்ரவரி 26, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டான். நாலு பேர் தூக்கினார்கள், நான் பின்னால் செருப்பைக் கொண்டுபோனேன். படிக்கட்டுத் திருப்பத்தில் சக்கரநாற்காலி சுவரில் இடிபட்டது. கோயிற் சாமான் முழுக்க வெளியே வந்தது. தூக்கியவர்களில் ஒருவர் உள்ளூர்க்காரர். மிகுந்த மரியாதையோடு தன் தொப்பியைத் தொட்டார்.

பெப்ரவரி 28, புதன்

கழிவறைக் கதவைக் கழற்றி வைத்தோம். நாற்காலி போவதற்கு அரை அங்குலம் போதவில்லை. இப்போது திரைச்சீலை. இரவில் இரண்டு தரம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். அவளுடைய முழங்கையில் நீலம் பாரித்திருக்கிறது. ஆறு மணிக்கு வேலைக்குப் போகிறாள்.

மார்ச் 2, சனி

நாளைக்கு எனக்கு விமானம். மிளகாய்த்தூளில் மூன்றரைக் கிலோ மிச்சம், விட்டுவிட்டுப் போகிறேன்.

பின்னேரம் சமையலறையில் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டு நின்றேன். தயா யன்னலோரம் நாற்காலியில். சுகிர்தா கடைக்குப் போய் வந்து, பையை இறக்கி, அவன் காலுக்குக் காலுறை போட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று அவன் பேசினான். வருத்தம் வந்த பிறகு இவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டதில்லை. இடையிடையே நின்று, சொல் தேடி, தேடியது வராமல் வேறு சொல் போட்டு, ஐந்தாறு வசனம். அதில் ஓரிடத்தில் தமிழ்ச் சொல் ஒன்றும் வந்தது போல எனக்குக் கேட்டது.

நான் கத்தியை நிறுத்தினேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. காலுறையை விட்டுவிட்டு அவனுக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். "இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றாள். திரும்பச் சொன்னான். முழுவதையும் கேட்டுவிட்டு, தமிழில், மெதுவாக, அவளும் அவ்வளவு நீளத்துக்குப் பதில் சொன்னாள். அவன் அவள் வாயைப் பார்த்தபடி தலையாட்டினான்.

இரண்டு பக்கமும் எனக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது. லா கூர்னேவுக்குப் போனால் முதல் கேள்வியே இதுதான் கேட்பார்கள், அவன் என்ன சொன்னான், அவள் என்ன சொன்னாள் என்று.

அது எனக்கென்று சொன்னது அல்ல. லீக்ஸை வெட்டி முடித்தேன்.